உப்புப் பார்க்காத குழம்பு

குளச்சலில் ஐந்தரை வண்டி ஏறினால்
விடியும்போது தக்கலைச் சந்தை.
சாளையைக் கூறு வைக்கும் முன்பே
இன்றைக்கு யார் வரமாட்டார்கள் என்று
எனக்குத் தெரியும்.

மீன் தின்னாதவர்களைப் பற்றி
மீன்காரியை விடத் தெரிந்தவர் உண்டா?

வெள்ளிக்கிழமை
கோட்டைக்குள்ளிருந்து ஒரு சஞ்சி வராது.
கார்த்திகை பிறந்தால்
கறுப்பு வேட்டி கட்டின ஆட்டோக்காரர்கள்
என் நிழலைச் சுற்றிக்கொண்டு போவார்கள்.
மகரவிளக்குக்கு மறுநாள் காலை
அவர்களே ஓடிவந்து, "நெய்மீன் உண்டா அக்கா?"
எங்கள் ஆட்கள் தவக்காலத்தில்
இறைச்சியை விட்டு மீனுக்கு வருவார்கள்.
அந்த நாற்பது நாள்தான் எனக்கு ஓணம்.

வேலப்பன் சாருக்கு யூரிக் ஆசிட்.
தினமும் வந்து குனிந்து
கணவாயை மோந்துவிட்டு
கத்தரிக்காய் வாங்கப் போவார்.
காலேஜில் படிக்கிற ஆஷிகா
போனில் என்னத்தையோ பார்த்த ராத்திரியிலிருந்து
பால்கூடத் தொடுவதில்லையாம்.
அவள் அம்மா
அரைக் கிலோ நெத்தோலியைப் பேப்பரில் சுருட்டி
குடைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறாள்.

சித்தாள் வேலைக்குப் போகும் தங்கபாய்
மழை பெய்கிற வாரமெல்லாம் சைவம்.
மரச்சீனி, உள்ளிச் சம்மந்தி, கட்டன் சாயா.
அதற்கு மட்டும்
யாரும் விரதம் என்று பெயர் வைக்கவில்லை.

என்னை யாரும் இந்தக் கணக்கில் சேர்த்ததில்லை.
மூன்று வருஷம் ஆகிறது.
எப்படியோ வெளியே தெரிந்து
சந்தையே திரும்பிப் பார்த்தது:
"ஓய் பிரிஜித்தா, நீ தின்னாத மீனையா
எங்க தலையில கெட்டுத?
மருந்து கிருந்து அடிச்சிருக்கா?"

வியாபாரம் படுத்துவிடும். பொய் சொன்னேன்.
ஒருத்தியிடம் வேளாங்கண்ணி நேர்ச்சை என்றேன்.
இன்னொருத்தியிடம், தின்றால் மேலெல்லாம் தடிக்கிறது என்றேன்.
பங்குச் சாமியாரிடம் வாயு.
அவர் ஓம வெள்ளம் குடிக்கச் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான்.

மேக்காமண்டபத்திலிருந்து ஒருத்தி.
மகள் பெற்றிருக்கிறாள், பால் ஊறணும்,
நல்ல சுறாவாக வேண்டும் என்றாள்.
முழங்கை நீளத்தில் ஒன்று கிடந்தது.
விலை படிந்தது. அறுத்தேன்.
வயிற்றிலிருந்து குட்டிகள் வந்தன.
ஏழு.
ஒவ்வொன்றும் என் நடுவிரல் அளவு,
எல்லாம் முடிந்த முகத்தோடு.
கடைசிக் குட்டி வாயைத் திறந்தது.
கை கழுவுகிற வாளியில் அதைப் போட்டேன்,
ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.
செதிலும் ரத்தமும் கலந்த அந்த வெள்ளத்தில்
வாளியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தது,
வழி தெரிந்தது போல.

"குட்டிக்குத் தனிக் காசா?"

இல்லை என்றேன்.
மீதிச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள்
அது மிதந்துவிட்டது.
ஏழையும் பொறுக்கி அவள் சஞ்சியில் போட்டேன்.

அன்றைக்கே நிறுத்தினேன் என்றால்
கதை நன்றாயிருக்கும்.
அன்று ராத்திரி சாளைக்கறி தின்றேன்.
இரண்டு தவணை சோறு.
மறுநாளும் தின்றேன், அதற்கு மறுநாளும்.
ஒன்பதோ பத்தோ நாள் கழிந்து
ஒரு புதன்கிழமை,
ஒரு காரணமும் இல்லாத புதன்கிழமை,
அயிலைத் துண்டில் வைத்த விரல்
அங்கேயே நின்றுவிட்டது.
பிடித்துத் தள்ளினேன். போகவில்லை.
மோர் ஊற்றிக் குடித்துவிட்டு எழுந்தேன்.

இரக்கம் என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.
நேற்றும் நாற்பது கிலோ விற்றேன்.
கத்தி அதே கத்தி.
வாளியை மட்டும் மாற்றினேன்,
அதுவும் ஓட்டை விழுந்ததால்தான்.

சக்கைக் காலத்தில் பாடு இல்லை.
சக்கைக்கறி, சக்கைக்கொட்டைத் தீயல்.
மற்ற நாளில் பயறு.
உடம்பு இளைத்ததாகச் சொல்கிறார்கள்.
எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வீட்டில் கிளீட்டஸுக்கு இன்றும் மீன் வேண்டும்.
கடலுக்குப் போய் வருகிற மனுஷன்.
தேங்காய் அரைத்து, குடம்புளி போட்டு
நானே வைக்கிறேன்.
கொதி வரும்போது அகப்பை தானாக
உள்ளங்கைக்கு வரும்.
ஒரு சொட்டு. நக்கினால் போதும்.

கையைக் கழுவிவிட்டு நிற்பேன்.

முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு
அவர் நிமிர்ந்து பார்ப்பார்.
ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.
"உப்பைக் கொண்டா" என்பார்.
சில நாள்
"வெள்ளம் கொண்டா."